யூரோபா யுனிவர்சாலிஸ் 4 (கணினி விளையாட்டு): விஜயநகரமா ஆடறேன், கோயலிஷன் (மத்த நாடுகள் நமக்கு எதிரா சேர்ற கூட்டணி) வராம பாமினியை எவ்வளவு கடிக்கலாமுங்க?

சித்தூர்_பையன்:
1468. பாமினிகூடச் சண்டை, வார்ஸ்கோர் (சண்டையில நம்ம கை ஓங்கின அளவு) 78. ஏழு மாகாணம் கேட்டா சமாதானத் திரையில அக்ரெசிவ் எக்ஸ்பான்ஷன் (ஏ.ஈ., நிலம் பிடுங்கறதால மத்த நாடுகளுக்கு வர்ற கோபம்) குஜராத்துக்கு 61, மால்வாவுக்கு 66, காந்தேஷுக்கு 70ன்னு காட்டுது. எடுத்துக்கலாமுங்களா, குறைக்கணுமுங்களா? சும்மா இருக்கறது ஒரே டிப்ளமேட்தான்.

வேலந்தாவளம்_ராயர்:
50தான் கோடு. ஏ.ஈ. 50 தொட்டு, உங்க மேல மொத்த அபிப்ராயமும் மைனஸ்ல இருக்கற நாடுதான் கோயலிஷனுக்கு வரும். அதுலயும் நாலு நாடு தேறணும். நீங்க சொன்னது மூணு. பட்டியலை இன்னும் கீழ உருட்டுங்க, ஜான்பூருக்கு எவ்வளவுங்க?

ஏ.ஈ. வருஷத்துக்கு 2 வீதம்தான் கரையும். காந்தேஷ் 70ல இருந்து 50க்கு வர 10 வருஷம். டிப்ளமேட் அட்வைசர் (தூது போற டிப்ளமேட் இல்லீங்க, சம்பளம் வாங்கற ஆளு) இருந்தா 20% வேகம், வருஷத்துக்கு 2.4. எட்டு வருஷம் சொச்சத்துல முடிஞ்சிரும்.

சும்மா இருக்கற டிப்ளமேட்டை உறவை வளக்க அனுப்புங்க, +100 வரைக்கும் ஏறும். ஏ.ஈ. 66 அப்படியே நின்னாலும் மொத்தக் கணக்கு பிளஸ்ல வந்தா மால்வா சேராது. உங்களை ரைவலா, அதாவது பகையாளியாக் குறிச்ச நாட்டுக்கு மட்டும் ஆள் அனுப்ப வேண்டாம்.

கொழிஞ்சாம்பாறை_தளவாய்:
ராயர் ட்ரூஸை (சமாதானத்துக்கு அப்புறம் வர்ற சண்டை நிறுத்தம்) விட்டுட்டாரு. ட்ரூஸ் இருக்கற நாடு கோயலிஷன்ல சேர முடியாது. காந்தேஷ் இந்தச் சண்டையில பாமினி பக்கம் இருந்தா, முதல்ல அதுகூடத் தனியா சமாதானம் பண்ணிக்குங்க. சும்மா விட்டாலும் 5 வருஷம், நெறையப் பிடுங்கினா 15 வருஷம் வரைக்கும் ட்ரூஸ் கிடைக்கும்.

அடுத்த சண்டைக்கு இன்னொண்ணு. பாமினிக்குள்ள கோர் (நிலத்து மேல உரிமை) வெச்சிருக்கற செத்த நாடு ஏதாவது இருந்தா ஒரு மாகாணத்தை மட்டும் எடுத்து அந்த நாட்டை வாஸலா (நமக்குக் கீழ்ப்பட்ட நாடா) விடுவிங்க. மிச்சக் கோரை ரீகான்க்வெஸ்ட் காரணத்துல மீட்டா ஏ.ஈ. கால் பங்குதான். அப்புறம் வாஸலை விழுங்க 10 வருஷம் காத்திருக்கணும், அபிப்ராயமும் 190 வேணும். அவசரக்காரங்களுக்கு இது ஆகாது.

சின்ன நாட்டை அடிக்கறதுக்கு முன்னாடி அதோட கூட்டாளி யாருன்னு பாருங்க. கோழிக்கோட்டு ராஜா சாமூதிரியைச் சமாளிக்க நம்ம பாலக்காட்டு அச்சன் 1757ல மைசூரைக் கூப்பிட்டாரே, அதே மாதிரி காந்தேஷ் குஜராத்தைக் கூட்டிட்டு வந்துரும்.

கோபாலபுரம்_செக்போஸ்ட்:
ஸ்டேட்ஸ்மேன் அட்வைசரை வெச்சா டிப்ளமேட்டிக் ரெபுடேஷன் (தூதரக மதிப்பு) +1 வரும்னு யாராச்சும் சொல்லுவாங்க. வரும், ஆனா ஏ.ஈ. ஒரு புள்ளி கூடக் கரையாது. அது கூட்டாளி பிடிக்க, வாஸலைச் சேர்த்துக்க மட்டும்தான். பேரைப் பாத்து ஏமாறாதீங்க.

சித்தூர்_பையன்:
உருட்டிப் பாத்தேனுங்க. ஜான்பூர் 38. 50 தாண்டினது அந்த மூணேதான். காந்தேஷ் சண்டையில இல்லை, என்னை ரைவலாவும் குறிச்சிருக்கு. ஏழையும் எடுத்துட்டு டிப்ளமேட்டை மால்வாவுக்கு அனுப்பட்டுங்களா?

வேலந்தாவளம்_ராயர்:
அனுப்புங்க. ஆனா ஒவ்வொரு தடவை நிலம் பிடுங்கறப்பவும் ஏ.ஈ. பழசு மேலயே சேரும், ஜான்பூருக்கு இன்னும் 12தான் பாக்கி. எட்டு வருஷத்துக்கு வடக்க சுல்தான்கள் நிலத்துல கை வைக்காதீங்க. படை சும்மா நிக்குதுன்னா ஒடிஷா பக்கம் போங்க. அது இந்து நாடு, சுன்னி நாடுகளுக்கு அவ்வளவாக் கோபம் வராது. சமாதானத் திரையில எண்ணைப் பாத்துட்டு அழுத்துங்க.