ஃபார் எ ஃப்யூ டாலர்ஸ் மோர்: மான்கோ நல்லவனா, நமக்குப் பிடித்தவனா?

தூசிப்படலம்

செர்ஜியோ லியோனேயின் 1965 படத்தை மறுபடி பார்த்ததிலிருந்து ஒரு சந்தேகம் உறுத்திக்கொண்டே இருக்கிறது. வெஸ்டர்ன் பைத்தியங்கள் இங்கே நிறைய இருப்பதால் கேட்கிறேன். முதல் தடவை பார்த்தபோது க்ளின்ட் ஈஸ்ட்வுட்டின் சுருட்டு, தோளில் கிடக்கிற போன்சோ, இசையமைப்பாளர் மோரிக்கோனேயின் விசில், இவைதான் மனதில் நின்றன. அவன் நாயகன், எதிரே நிற்பவன் வில்லன், கதை முடிந்தது. இந்த முறை அவன், அதாவது பரிசுப் பணத்துக்காகக் குற்றவாளிகளைப் பிடிக்கிற மான்கோ, என்ன செய்கிறான் என்பதை மட்டும் கவனித்தேன்.

கொள்ளைக்காரன் எல் இந்தியோவின் கும்பலில் சேர்வதற்காக ஒரு கைதியைச் சிறையிலிருந்து தப்ப வைக்கிறான். கும்பல் அவனோடு மூன்று பேரைச் சேர்த்து வேறொரு ஊர் வங்கிக்குத் திசைதிருப்ப அனுப்புகிறது. அந்த மூன்று பேரையும் சுட்டுத் தள்ளுகிறான். சரி, அவர்கள் கொள்ளைக்காரர்கள், போகட்டும். ஆனால் அப்புறம் தந்தி அலுவலகத்துக்குப் போய், நடக்காத கொள்ளையை நடந்ததாக, கும்பல் நிஜமாகக் குறிவைத்த வங்கி இருக்கிற எல் பாசோவுக்குத் தந்தி அடிக்க வைக்கிறான், ஷெரிஃபும் அதை நம்பி ஆட்களைத் திரட்டிக்கொண்டு ஊரை விட்டே கிளம்பிவிடுகிறார், இந்தியோவுக்கு வேலை சுலபமாகிறது. கொள்ளையில் இவனுக்குப் பங்கில்லை என்று எப்படிச் சொல்வது? கடைசியில் அந்த வங்கிப் பணத்தையும் எடுத்துக்கொண்டுதான் போகிறான். திருப்பிக் கொடுப்பானா என்பது பற்றிப் படம் வாயே திறக்கவில்லை.

நமக்குப் பிடித்த முகம் என்பதைத் தவிர அவனை நல்லவன் என்று சொல்ல வேறு என்ன இருக்கிறது?

பழைய புரொஜக்டர்

தந்தி விஷயத்தில் நீங்கள் கொஞ்சம் அவசரப்படுகிறீர்கள் நண்பரே. கும்பல் மொத்தமும் வங்கிக்கு வந்தால்தான் மொத்தமாகப் பிடிக்க முடியும் என்பது மான்கோவும் அவனோடு கூட்டுச் சேர்கிற இன்னொரு பரிசு வேட்டைக்காரர் கர்னல் மார்ட்டிமரும் சேர்ந்து போட்ட திட்டம். இந்தியோ பெட்டகத்தை அங்கேயே திறக்காமல், சுவரை வெடிவைத்துத் தகர்த்துப் பெட்டியோடு இழுத்துக்கொண்டு போவான் என்று இரண்டு பேரும் எதிர்பார்க்கவில்லை. திட்டம் சொதப்பியது, அவ்வளவுதான்.

ஆனால் நல்லவனா என்ற கேள்வியையே லியோனே கேட்கவில்லை என்பது என் கட்சி. படம் தொடங்கும்போதே உயிருக்கு மதிப்பில்லாத இடத்தில் சாவுக்குச் சில சமயம் விலை இருந்தது என்று அட்டை போட்டுவிடுகிறார். அந்த விலையைக் கொடுப்பது அரசாங்கம். சுவரில் போஸ்டர் ஒட்டி, ஆளை உயிரோடோ பிணமாகவோ கொண்டு வா, காசு வாங்கிப் போ என்கிறது. மான்கோ அறிமுகமாகிற காட்சியில் பரிசுப் பணத்தை வாங்கிக்கொண்டு, ஷெரிஃப் என்றால் தைரியமும் விசுவாசமும் அதற்கெல்லாம் மேலாக நேர்மையும் உள்ளவன்தானே என்று அந்த ஆளிடமே அப்பாவி மாதிரி கேட்கிறான். ஆமாம் என்றதும் சட்டையில் குத்தியிருக்கிற நட்சத்திரத்தைப் பிடுங்கி வெளியே கொண்டுபோய்த் தெருவில் நிற்பவர்களிடம் எறிந்து, உங்களுக்குப் புது ஷெரிஃப் வேண்டும் என்கிறான். அந்த ஊரில் நேர்மையைப் பற்றிப் பேசுகிற ஒரே ஆள், பிணத்துக்குக் காசு வாங்க வந்தவன்! கிண்டல் முழுக்க அங்கேயே இருக்கிறது.

கணவாய்

எல்லோரும் மான்கோவையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கு இது கர்னல் மார்ட்டிமரின் படம். லீ வான் க்ளீஃப் அதற்கு முன்னால் ஹாலிவுட்டில் வில்லனுக்குப் பக்கத்தில் நிற்கிற அடியாளாக எத்தனையோ படங்களில் வந்து போனவர், இங்கே அவர் உள்ளே நுழைந்தாலே காட்சி அவர் பக்கம் சாய்ந்துவிடுகிறது. கறுப்புக் கோட்டு, குதிரையில் சுருட்டிக் கட்டிய ஆயுதக் கடை, தூரம் பார்த்துத் துப்பாக்கியைத் தேர்ந்தெடுக்கிற நிதானம். மான்கோ வேகக்காரன், இவர் கணக்குப் போடுகிறவர்.

அவரும் சுத்தத் தங்கம் ஒன்றும் இல்லை. கும்பலில் கூனனாக வருகிற க்ளாவுஸ் கின்ஸ்கியின் முதுகில் தீக்குச்சி உரசுவதைப் பாருங்கள், வேண்டுமென்றே ஆளைச் சீண்டிப் பார்க்கிறார், கும்பல் அங்கே சண்டை போடத் துணியாது என்று தெரிந்துகொண்டுதான் அதைச் செய்கிறார். ஆனால் இத்தனை காலம் காசுக்காக ஓடுகிற மாதிரி காட்டிக்கொண்டவருக்குள் இருந்தது இந்தியோவால் நேர்ந்த தங்கையின் சாவு என்று கடைசியில்தான் தெரிகிறது. பைக்கடிகாரத்தின் இசை இந்தியோவின் கையில் வரும்போது மிரட்டல், மார்ட்டிமரின் கையில் வரும்போது துக்கம். ஒரே மெட்டு.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். கடைசி மோதலில் மார்ட்டிமர் துப்பாக்கி இல்லாமல் நிற்கிறார், இந்தியோவின் கடிகார இசை முடியப்போகிறது, முடிந்ததும் சுட வேண்டும். மான்கோவுக்கு இந்தியோவைத் தானே சுட்டுப் பத்தாயிரத்தைத் தட்டிக்கொண்டு போவதில் ஒரு கஷ்டமும் இல்லை. அதைச் செய்யாமல் இன்னொரு கடிகாரத்தோடு வந்து, தன் துப்பாக்கியையும் இடுப்புப் பட்டையையும் கர்னலிடம் கொடுத்துவிட்டு, ஓரமாக உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறான். படம் முழுக்க அவன் பணத்தைக் காத்திருக்க வைத்தது அந்த ஒரு நிமிடம்தான். நல்லவன் என்று முத்திரை குத்த அது போதாது என்று நீங்கள் சொன்னால் நான் சண்டைக்கு வரமாட்டேன், எனக்குப் போதும்.

அடுத்த காட்சியிலேயே பழைய மான்கோ திரும்பிவிடுகிறான் என்பதுதான் அழகு. பிணங்களை வண்டியில் அடுக்கிக்கொண்டே தலைக்கு எவ்வளவு என்று கூட்டுகிறான், தொகை இடிக்கிறது, திரும்பிச் சுடுகிறான், பின்னால் செத்தவன் மாதிரி கிடந்து எழுந்தவன் விழுகிறான், இருபத்தேழாயிரம் சரியாக வந்துவிடுகிறது. என்ன பிரச்சினை என்று தூரத்திலிருந்து கேட்கிற கர்னலிடம் கூட்டல்தான் கொஞ்சம் தகராறு என்கிறான். ஒரு உயிர் போனது அவனுக்குக் கணக்குத் தவறு திருத்தப்பட்ட மாதிரி.

பனிமலை

இவ்வளவு பேசிவிட்டு செர்ஜியோ கார்புச்சியின் தி கிரேட் சைலன்ஸை (1968) யாரும் தொடவில்லையே. பவுண்டி ஹன்டரின் (பரிசுப் பணத்துக்கு ஆள் பிடிக்கிறவனின்) சாம்பல் நிறத்தைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் அங்கேதான் போக வேண்டும். கதையை முழுக்கச் சொல்லப்போகிறேன், பார்க்காதவர்கள் இந்தப் பதிவைத் தாண்டிவிடுங்கள்.

யூட்டாவில் ஸ்னோ ஹில் என்ற ஊர், பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிக் குளிர்காலம். பாலைவனமும் வெயிலும் கிடையாது, எங்கே பார்த்தாலும் பனி. வெளிப்புறக் காட்சிகள் இத்தாலியின் டொலமைட் மலைகளில், கோர்த்தினா தாம்பெட்ஸோ பக்கம் எடுத்தவை. ரோமில் எடுத்த ஊர்க் காட்சிகளுக்குச் சவர நுரையைப் பனியாக்கியிருக்கிறார்கள். சட்டத்துக்கு வெளியே தள்ளப்பட்டவர்கள் பசியோடு மலையில் ஒளிந்திருக்கிறார்கள், ஆளுநரின் பொதுமன்னிப்பு வந்துவிடும் என்று காத்திருக்கிறார்கள். புதிதாக வருகிற ஷெரிஃபை வழிமறித்துக் குதிரையைப் பிடுங்குகிறார்கள். எதற்கு? சாப்பிட. மன்னிப்பு வருவதற்குள் முடிந்தவரை சுட்டுக் காசாக்கிவிட வேண்டும் என்று அலைகிறவர்கள் பவுண்டி ஹன்டர்கள். அவர்களுக்குத் தலைவன் லோக்கோ, நம்ம கூனன் கின்ஸ்கிதான். மூன்றே வருடத்தில் என்ன ஒரு மாற்றம்! குரலை உயர்த்தாமல், மரியாதையாகச் சிரித்துப் பேசி, சுட்ட பிணங்களைப் பனியில் புதைத்து வைத்து, கோச் வண்டி வந்ததும் கூரையில் ஏற்றிக் கொண்டுவருகிறான். நான் செய்வது எல்லாம் சட்டப்படி என்று அவன் சொல்லும்போது ஷெரிஃபிடம் பதில் இல்லை.

எதிரே ழான் லூயி த்ரந்தின்யான், படம் முழுக்க ஒரு வார்த்தை பேசாத சைலன்ஸ். சிறுவயதில் பெற்றோரைக் கொன்றவர்கள் அவன் தொண்டையை அறுத்துவிட்டார்கள். அவனும் காசு வாங்கித்தான் கொல்கிறான், ஆனால் எதிராளியைச் சீண்டி முதலில் துப்பாக்கியை எடுக்க வைத்துவிட்டுச் சுடுவான், அப்போதுதான் தற்காப்பு என்று ஆகும். அதாவது இரண்டு பேருமே சட்டத்தின் ஓட்டைக்குள் நின்றுதான் ஆளைக் கொல்கிறார்கள். இதைப் புரிந்துகொண்ட லோக்கோ, எவ்வளவு சீண்டினாலும் துப்பாக்கியைத் தொடுவதில்லை.

முடிவில் சைலன்ஸ் சாகிறான். அவனை அழைத்து வந்த பாலினும் சாகிறாள் (வொனெட்டா மெக்கீ, கணவனைக் கொன்றவனைப் பழிவாங்க வீட்டையே விற்கப் பார்த்த பெண்). மலையில் ஒளிந்திருந்து இப்போது கட்டிப்போடப்பட்டிருக்கிறவர்கள் அத்தனை பேரையும் சுட்டுவிட்டு, லோக்கோ சைலன்ஸின் மௌசர் துப்பாக்கியையும் எடுத்துக்கொண்டு குதிரையேறிப் போகிறான். அத்தனைக்கும் பரிசுத் தொகை உண்டு. அத்தனையும் சட்டப்படி.

மான்கோ செய்கிற அதே தொழில். லியோனே நமக்கு இந்தியோ என்ற ராட்சசனைக் காட்டி அதை ரசிக்க வைத்தார், தன்னைக் காட்டிக்கொடுத்தவனின் மனைவியையும் பதினெட்டு மாதக் குழந்தையையும் கொல்லச் சொன்னவனை யார் சுட்டால் நமக்கு என்ன? கார்புச்சி சுடப்படுகிற இடத்தில் பசித்தவர்களை நிறுத்தினார். உடனே கசந்துவிடுகிறது.

சிவகாசி வாசகன்

நிஜத்தில் இந்தப் பரிசுப் பணம் இவ்வளவு சுலபமாகக் கைக்கு வந்ததே இல்லை. ஜெஸ்ஸி ஜேம்ஸை 1882 ஏப்ரலில் மிசௌரியில் பின்னாலிருந்து சுட்ட ராபர்ட் ஃபோர்டுக்கு என்ன நடந்தது? அவன் மீதும் அண்ணன் மீதும் கொலை வழக்கு, தூக்குத் தண்டனை, அதே நாளில் ஆளுநர் மன்னிப்பு. அறிவித்த தொகையில் ஒரு பகுதிதான் கொடுத்தார்கள், ஊரோ கோழை என்று பாட்டே கட்டியது. மான்கோ மாதிரி மேசையில் நோட்டை எண்ணி வாங்கிப் போவதெல்லாம் சினிமா.

அப்புறம் ஒரு பிற்சேர்க்கை. இத்தாலிக்காரர்களுக்கு இந்தக் கௌபாய் மோகம் லியோனேவுக்கு முன்பே உண்டு. லயன் காமிக்ஸில் நாம் படிக்கிற டெக்ஸ் வில்லர் 1948இல் அங்கே பிறந்தவர்தான். ரேஞ்சராவதற்கு முன்னால் தொடக்கக் கதைகளில் அவரே சட்டத்தால் தேடப்படுகிற ஆள்.

தூசிப்படலம்

கணவாய் சொன்ன அந்தக் கடிகாரக் காட்சியை நான் இப்படி யோசிக்கவில்லை, நன்றி. இருந்தாலும் வங்கிப் பணம் பற்றி யாரும் பதில் சொல்லவில்லை. திருப்பிக் கொடுத்திருப்பானா? என் மனைவி வாய்ப்பே இல்லை என்கிறார். பனிமலை, எச்சரிக்கையைப் பார்த்ததும் உங்கள் பதிவைத் தாண்டிவிட்டேன், படத்தைப் பார்த்துவிட்டு வந்து படிக்கிறேன்.

பழைய புரொஜக்டர்

திருப்பிக் கொடுத்தால் வங்கி அதற்கும் ஏதாவது சன்மானம் கொடுக்கும் என்று தெரிந்தால் கொடுப்பான். வீட்டம்மா சொல்வதுதான் சரி என்று தோன்றுகிறது.

பனிமலை

சரி, பார்ப்பதற்கு முன் ஒன்று. இத்தாலிய ஒலியில் வில்லனின் பெயர் டிக்ரேரோ, ஆங்கிலத்தில் லோக்கோ, ஒரே ஆள்தான். இன்னொன்று, தயாரிப்புத் தரப்புக்காக எல்லாம் சுபமாக முடிகிற ஒரு மாற்று முடிவையும் எடுத்து வைத்திருக்கிறார்கள், டிஸ்க்கில் கூடுதல் இணைப்பாக வரும். தப்பித் தவறிகூட அதை முதலில் போட்டுவிடாதீர்கள்.

மனது கனத்துவிட்டால் அடுத்து செர்ஜியோ சொல்லிமாவின் தி பிக் கன்டவுன் (1966). மறுபடி லீ வான் க்ளீஃப், பரிசுப் பணம்கூட வாங்காமல் ஆள் பிடிக்கிறவர், செனட் பதவிக்கு ஆசை காட்டிய பணக்காரனுக்காக ஒரு ஏழை மெக்சிகனைத் துரத்துகிறார், பாதி வழியில்தான் தப்பான ஆளைத் துரத்துகிறோமோ என்று சந்தேகம் வருகிறது. அமெரிக்காவில் வெட்டிச் சுருக்கி வெளியிட்டார்கள், நீளமான இத்தாலியப் பதிப்பாகத் தேடிப் பாருங்கள்.