மறு: "ரிஜிஸ்டர் அவுட்" – தமிழில் எப்படிச் சொல்லலாம்?

> பறவைக் கையேடுகளில் சில பக்கம் பளிச்சென்று இருக்கிறது, சில பக்கம் மங்கல். இந்தக் குறையை "நிறப்பிறழ்ச்சி" எனலாமா?

ஐயா, வணக்கம். அந்தச் சொல் ஏற்கெனவே ஒளியியல்காரர்கள் கையில் இருக்கிறது; லென்சில் வண்ணம் பிரிந்து தெரிவதற்கு அதைத்தான் சொல்கிறார்கள். ஒரு கையில் பைனாகுலர், மறு கையில் புத்தகம் என்று அலைகிறவர்களுக்கு இரண்டிலும் ஒரே பெயர் என்றால் வம்புதான்.

அதோடு, தலைப்பில் நீங்கள் எழுதிய "ரிஜிஸ்டர் அவுட்" வேறு, கேள்வியில் சொல்லும் மங்கல் வேறு; இவை இரண்டு குறைகள். நான்கு மசிகளும் ஒன்றின் மேல் ஒன்று சரியாக உட்காராமல், இறக்கை ஓரத்தில் சிவப்பு நிழல் தட்டுகிறதே, அச்சகத்தில் "ரிஜிஸ்டர் அவுட்" என்பது அதை மட்டும்தான். சென்னையின் ஐப்பசி மழையில் தாள் ஈரம் குடித்து விரியும். இரண்டு கலர் மெஷினில் நான்கு மசிக்குத் தாளை இரண்டு தடவை ஓட்ட வேண்டும்; முதல் ஓட்டம் முடிந்து தாள் ஒரு ராத்திரி கிடந்தால் போதும், மறுநாள் ஓட்டம் விலகிவிடும். "பதிவுப்பிழை" என்றால் சார்பதிவாளர் அலுவலகம்தான் ஞாபகம் வருகிறது. என் யோசனை, பொருத்தப் பிசகு. பத்துப் பொருத்தம் பார்க்கிற ஊரில் நாலு நிறத்துக்குப் பார்க்க மாட்டோமா!

> பிசகு பேச்சு வழக்காயிற்றே?

இருக்கட்டுமே. நரம்பு பிசகுகிற மாதிரி, இடத்தைவிட்டு மயிரிழை நகர்வது அதில் இருக்கிறது. "பிழை"யில் அது கிடையாது.

மற்றது ஷேடு மாறுவது, அதாவது ஒரே நிறம் பக்கத்துக்குப் பக்கம் வேறாகத் தெரிவது. புத்தகம் 16 பக்க ஃபாரமாக (ஒரே தாளில் சேர்ந்து அச்சாகும் பக்கங்கள்) ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு ஃபாரத்துக்கும் மசி, தண்ணீர் அளவை மறுபடி சரிசெய்ய வேண்டும். அதில் அசட்டையாக இருந்தால் 17ஆம் பக்கத்திலிருந்து பறவைகளுக்கெல்லாம் காமாலை. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் பறவை பார்க்கிறவர்களுக்கு இது விளையாட்டில்லை. பவளக்காலி, பச்சைக்காலி என்று கால் நிறத்தையே பெயராக வைத்திருக்கிறோம். என் பிரதியில் பவளக்காலிக்குக் கால் பழுப்பு, நண்பர் பிரதியில் ஆரஞ்சு. இதை "நிறவேறுபாடு" என்றால் ஆண் பறவை, பெண் பறவை வேறுபாட்டோடு போய் மோதும். இப்போதைக்கு "நிறத்தடுமாற்றம்" என்று எழுதி வருகிறேன்.

அதில் எனக்கே முழுத் திருப்தி இல்லை. பழக்கமான மெஷின்காரர் ஒருவரிடம் சொல்லிப் பார்த்தேன். "பொருத்தப் பிசகு" என்றதும் சிரித்துத் தலையாட்டினார். மற்றதைக் கேட்டுவிட்டு, "ஷேடு மாறுதுன்னே எழுதுங்க சார்" என்றார். சின்னதாக ஒரு சொல் யாருக்காவது தோன்றினால் சொல்லுங்கள்.