விஎச் ஒன் என்ற ஆங்கிலப் பாட்டுச் சானல் பார்த்த திருகோணமலைக்காரர் யார் யார் இருக்கிறீர்கள்?

எங்கள் ஒழுங்கைக்குக் கேபிள் வந்த காலத்தில் எல்லா வீட்டிலும் சீரியல்தான் ஓடும். எங்கள் வீட்டில் இரவுச் செய்தி முடிந்ததும் ரிமோட் அப்பாவின் கைக்குப் போய்விடும், அப்புறம் விஎச் ஒன்தான். அப்பா பழைய அமெரிக்கப் பாடகர் ஜிம் ரீவ்ஸ் கேட்டு வளர்ந்த ஆள். இளசுகள் பார்க்கிற பாட்டுச் சானலான எம்டிவி போட்டால் எழும்பிப் போய்விடுவார், இதைப் போட்டால் சாய்மனைக் கதிரையை முன்னுக்கு இழுத்துக்கொண்டு இருந்து பார்ப்பார். பிறகு அந்தச் சானலின் கதையைத் தேடி வாசித்தபோதுதான் அது அப்பா மாதிரி ஆட்களுக்காகவே தொடங்கப்பட்டது என்று தெரிந்தது.

அமெரிக்காவில் எம்டிவி தொடங்கியது 1981 ஆகஸ்டில். இளசுகள் எல்லாம் அந்தப் பக்கம் போனதும், சிஎன்என் நடத்திய டெட் டர்னர் 1984 ஒக்டோபரில் போட்டிக்கு ஒரு பாட்டுச் சானல் திறந்தார். ஒரு மாதத்துக்குக் கொஞ்சம் மேலேதான் ஓடியது, எம்டிவிக்காரரிடமே விற்றுவிட்டார். அந்த இடத்தில் 1985 ஜனவரி 1ஆம் திகதி வந்ததுதான் விஎச் ஒன், அதாவது வீடியோ ஹிட்ஸ் ஒன். முதலில் போட்டது மார்வின் கே பாடிய அமெரிக்கத் தேசிய கீதம். இருபத்தைந்து வயது தாண்டியவர்களைக் கணக்கில் வைத்து எல்டன் ஜோன், பில்லி ஜோயல், டினா டர்னர் என்று கொஞ்சம் ஆறுதலாகக் கேட்கக்கூடிய பாட்டுகளாகப் போட்டார்கள். இந்தியாவுக்கான விஎச் ஒன் 2005இல்தான் வந்தது, எங்களுக்குக் கிடைத்தது அது.

எனக்கு மறக்க முடியாதது 'பிஹைண்ட் த மியூசிக்'. 1997இல் அமெரிக்காவில் தொடங்கிய நிகழ்ச்சி, பாட்டுக்காரரின் வாழ்க்கையை முழுதாகச் சொல்லும். அதன் முதல் பகுதி மிலி வனிலி என்ற இரண்டு பேரைப் பற்றியது. 1990இல் கிராமி விருது வாங்கிய பிறகு, இசைத்தட்டில் இருப்பது அவர்களுடைய குரலே இல்லை என்று வெளியே வந்து, அதே வருடம் விருதைத் திருப்பி எடுத்துவிட்டார்கள். அந்தக் கதையை நான் அப்பாவுக்கு விளங்கப்படுத்திக்கொண்டிருக்க, அவர் இடையிலேயே கேட்டார்: "பாடினவன்ர பெயரைச் சொல்லியிருந்தால் ஒரு பிரச்சினையும் இல்லையே?"

இலங்கை வானொலி கேட்டு வளர்ந்த ஆளுக்குத்தான் அப்படிக் கேட்க வரும். படத்தில் வாயசைப்பவர் ஒருவர், பாடுபவர் இன்னொருவர் என்பது எங்களுக்கு எந்தக் காலத்திலும் ஒளிவுமறைவு இல்லை. அந்த வானொலியின் 'தமிழ்ச் சேவை இரண்டு' ஒலிபரப்பில் ஒரு பாட்டுப் போட்டால் படம், பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் என்று அறிவிப்பாளர் சொல்லாமல் விடமாட்டார். மயில்வாகனம், கே.எஸ்.ராஜா, அப்துல் ஹமீத் ஆகியோரின் குரல்களோடு சேர்த்துத்தான் அந்தப் பாட்டுகளே மனதில் நிற்கின்றன. வயது போனவர்களுக்குப் பாட்டோடு அதன் கதையும் வேண்டும். விஎச் ஒன் அதைத் தெரிந்து வைத்திருந்ததால்தான் அப்பா அந்தச் சானலை விடவில்லை என்று நினைக்கிறேன்.

உங்களிடமும் இப்படி ஏதாவது இருந்தால் எழுதுங்கள்.

*

நான் யுத்தம் முடிந்த பிறகு நிலாவெளியில் ஒரு விடுதியில் வேலை செய்தேன். சாப்பாட்டு அறையில் டிவி இருந்தது. விளையாட்டுப் போட்டால் சிலருக்குப் பிடிக்காது, செய்தி போட்டால் சாப்பிடவே மனம் வராது, அதனால் விஎச் ஒன் போட்டு விடுவோம். ஐம்பது வயதுக்கு மேற்பட்ட வெள்ளைக்காரர்கள் பாரை மீன் பொரியலை முள் எடுத்துச் சாப்பிட்டபடியே கூடச் சேர்ந்து முணுமுணுப்பார்கள், வரி பிசகாது. அவர்களில் ஒருவர் அமெரிக்கர், ஓய்வுபெற்ற ஆள். உங்கள் நாட்டில் வருகிற சானலில் பாட்டாவது இருக்கிறது, எங்கள் ஊரில் அதுவும் போய்விட்டது என்று சொல்லி வருத்தப்பட்டார். உண்மைதான், 2000க்குப் பிறகு அங்கே பிரபலங்களை ஒரே வீட்டில் விட்டுச் சண்டை பிடிக்க வைக்கிற நிகழ்ச்சிகள்தான் கூடின. பார்க்கிற ஆட்கள் தொகை ஏறியிருக்கும், ஆனால் யாருக்காகத் தொடங்கினார்களோ அவர்களைக் கைவிட்டுவிட்டார்கள். இங்கிலாந்தில் இருந்த விஎச் ஒன்னையும் 2020 ஜனவரியில் மூடிவிட்டார்கள்.

*

மேலே எழுதிய இரண்டு தம்பிமாருக்கும் நன்றி. நான் சங்கீதம் படிப்பிக்கிறவள், எனக்கு அந்தச் சானலில் பிடித்தது வேறு விடயம். அதன் தலைவராக இருந்த ஜோன் சைக்ஸ் புரூக்ளினில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போனபோது, வாத்தியங்கள் பழுதாகி இசை வகுப்பே நிற்கப்போகிற நிலையைப் பார்த்திருக்கிறார். அதைப் பார்த்துத்தான் 1997இல் 'சேவ் த மியூசிக்' என்ற அமைப்பு தொடங்கியது. அரச பள்ளிகளுக்கு வாத்தியம் வாங்கிக் கொடுப்பதுதான் அதன் வேலை. அடுத்த வருடம் நியூயோர்க்கில் அரீதா பிராங்க்ளின், செலின் டியோன், மரையா கேரி எல்லோரையும் ஒரே மேடையில் ஏற்றி நடத்திய 'டிவாஸ்' கச்சேரியும் அதற்குக் காசு சேர்க்கத்தான்.

எனது வகுப்பில் ஒரு சுருதிப்பெட்டி இருக்கிறது, துருத்தியில் காற்றுப் போகும், சுருதி நிற்காது. பிள்ளைகள் நன்றாகப் பாடுவார்கள். பாட்டை வைத்து உழைக்கிற எங்கள் தமிழ்ச் சானல்களும் பள்ளிக்கூடங்களுக்கு இப்படி ஏதாவது செய்யலாம் என்று எனக்குப் பலநாள் ஆதங்கம்.

முதலில் எழுதிய தம்பிக்கு ஒன்று. அப்பாவிடம் பழைய பாட்டுகளின் விவரம் நிறைய இருக்கும், அவர் சொல்லச் சொல்லப் பதிவு செய்து யூடியூபில் போடுங்கள். ராகம், இசையமைப்பு பற்றிய பகுதியை நான் எழுதித் தருகிறேன். வேறு யாராவது சேர விருப்பம் என்றால் இங்கேயே சொல்லுங்கள்.