மனச்சோர்வு: வடசென்னையில் யாரிடம் போவது, முதல் ஆறு வாரத்தை எப்படிக் கடப்பது (ஒரு குழுவில் பலர் பேசியது)

வியாசர்பாடி, சமுதாய சுகாதாரப் பணியாளர்

மனச்சோர்வோடு வருகிறவர்களில் "மனசு சரியில்ல" என்று பேச்சை ஆரம்பிப்பவர்கள் ரொம்பக் குறைவு. "பிடரி இழுக்குது", "நெஞ்சு படபடன்னு கீது", "கை காலெல்லாம் ஓஞ்சு போச்சு", "விடியக்காலை மூணு மணிக்கே முழிப்பு வந்துடுது" என்றுதான் சொல்வார்கள். அதைக் கேட்டு ஈசிஜி, ஸ்கேன், கேஸ் மாத்திரை, சத்து ஊசி என்று மாதக்கணக்கில் பணம் போகும். ரிப்போர்ட் எல்லாம் நார்மல் என்று வந்த அன்று வீட்டில் விழும் பேச்சு, "உனக்கு ஒண்ணுமே இல்ல, சும்மா படுத்துக் கெடக்குற." பாதிப் பேர் சிகிச்சையே தொடங்காமல் நின்றுபோவது இந்த இடத்தில்தான்.

கவனிக்க வேண்டியது இரண்டு வாரக் கணக்கு. பெரும்பாலான நாட்களில், நாளின் பெரும்பகுதி மனம் கனத்தே இருப்பது, அல்லது முன்பு பிடித்த எதிலும் நாட்டமில்லாமல் போவது, இந்த இரண்டில் ஒன்றாவது இருக்க வேண்டும். அதோடு தூக்கம், பசி, களைப்பு, கவனம் சிதறுவது, "நான் எதுக்கும் லாயக்கில்ல" என்ற எண்ணம், சாவைப் பற்றிய நினைப்பு எனச் சில சேர்ந்து, வேலையையும் வீட்டையும் பாதித்தால் டாக்டரிடம் போக வேண்டிய நிலை. பிஹெச்க்யூ-9 என்ற ஒன்பது கேள்வித்தாள் தமிழிலும் உண்டு. ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. 10-ஓ அதற்கு மேலோ வந்தால் தள்ளிப்போடாதீர்கள். 20-ஐத் தொட்டால் கடுமையானது. ஆனால் அந்த எண்ணே நோய் முடிவு ஆகிவிடாது. ஒன்பதாவது கேள்வி சாவு நினைப்பைப் பற்றியது. மற்ற எட்டிலும் பூஜ்யம் வந்து இதில் மட்டும் 1 வந்தாலும் அன்றைக்கே பேச வேண்டும்.

ரத்தப் பரிசோதனையை ஒதுக்கிவிடச் சொல்லவில்லை. தைராய்டு குறைவும் ரத்தசோகையும் மனச்சோர்வு மாதிரியே முகம் காட்டும். டிஎஸ்ஹெச் (தைராய்டு பரிசோதனை), ஹீமோகுளோபின், சர்க்கரை, தேவைப்பட்டால் வைட்டமின் பி12, இவற்றை ஒருமுறை பார்த்தால் போதும். அதற்கு மேல் ஸ்கேன் ஸ்கேனாக அலைவதில் எந்தப் பயனும் இல்லை.

திருவொற்றியூர், மருத்துவ உளவியலாளர்

யார் யார் என்பதில்தான் பெரிய குழப்பம். மனநல மருத்துவர் எம்பிபிஎஸ் முடித்து, மேலே மனநல மருத்துவத்தில் எம்டி, டிபிஎம் அல்லது டிஎன்பி படித்தவர். நோயை உறுதி செய்து மருந்து எழுதுவது அவர் வேலை. மருத்துவ உளவியலாளர் மருந்து எழுதக் கூடாது. பேச்சு சிகிச்சையும் உளவியல் மதிப்பீடும் செய்பவர். இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு எண் இருக்க வேண்டும். அந்த எண்ணைக் கேட்பதில் தப்பே இல்லை, பதிவு பெற்றவர் முகம் சுளிக்க மாட்டார். "கவுன்சலர்" என்ற பலகையை யார் வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ள முடிகிறது. நல்ல கவுன்சலர்கள் நிறைய இருக்கிறார்கள், ஆனால் எங்கே படித்தார், எத்தனை வருடப் பயிற்சி, நிலைமை மோசமானால் எந்த டாக்டரிடம் அனுப்புவார் என்ற மூன்றையும் முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

லேசான மனச்சோர்வுக்குப் பேச்சு சிகிச்சை மட்டுமே போதுமானதாக இருக்கும். நடுத்தரமானால் இரண்டில் ஒன்றோ, இரண்டும் சேர்ந்தோ. கடுமையானால் மருந்து கட்டாயம் வேண்டும். அறிவுசார் நடத்தை சிகிச்சை (எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றப் பழக்கும் பேச்சு சிகிச்சை, சிபிடி) என்றால் வாரம் ஒன்று, முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம், பொதுவாக 12 முதல் 20 அமர்வு. ஒவ்வொரு முறையும் வீட்டில் செய்ய ஏதாவது ஒரு வேலை கொடுப்பார்கள். அது சின்னதாக இருக்க வேண்டும். எழுந்திருக்கவே முடியாதவரிடம் "தினமும் ஒரு மணி நேரம் வாக்கிங் போங்க" என்றால் மூன்றாம் நாள் தோற்றுப்போய், அதையும் தன் குற்றக் கணக்கில் எழுதிக்கொள்வார். காலை ஆறரைக்குப் படியிறங்கி, தெருமுனை பூத்தில் ஒரு ஆவின் பாக்கெட் வாங்கிக்கொண்டு திரும்புவது, அவ்வளவுதான் முதல் வாரத்து வேலை. மனசு நல்லாயிருந்தால் செய்வோம் என்று காத்திருக்காமல், மனசு எப்படி இருந்தாலும் அந்த நேரத்துக்குச் செய்வது. வாரம் ஒரு படி கூட்டலாம்.

"கல்யாணம் பண்ணி வச்சா சரியாயிடும்" என்று சொல்பவர், மூன்றே அமர்வில் குணம் என்று உறுதி கொடுப்பவர், டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தச் சொல்பவர், இவர்களிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். நாலைந்து அமர்வுக்குப் பிறகும் மனம் திறந்து பேச வரவில்லை என்றால் ஆளை மாற்றுங்கள். அவர் கோபித்துக்கொள்வாரோ என்று யோசிக்க வேண்டியதில்லை.

பழைய வண்ணாரப்பேட்டை, மருந்தாளுநர்

கவுண்டரில் திரும்பத் திரும்பப் பார்க்கும் ஒரு விஷயத்தை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் சிகிச்சை உடைவது பெரும்பாலும் இதில்தான்.

முதல் சீட்டில் வழக்கமாக இரண்டு மருந்து இருக்கும். ஒன்று மனச்சோர்வுக்கான மாத்திரை: எஸ்சிட்டலோபிராம் 5 மி.கி., ஒரு வாரம் கழித்து 10 என்று. அல்லது செர்ட்ராலின் 25-இல் தொடங்கி 50. காலையில் சாப்பாட்டுக்குப் பிறகு. அடுத்து தூக்கத்துக்கும் படபடப்புக்கும் குளோனாசிபாம் 0.25, ராத்திரிக்கு, பத்துப் பதினைந்து நாளைக்கு மட்டும். இரண்டாவது மாத்திரை அன்றைய ராத்திரியே வேலை செய்யும், தூக்கம் வரும், படபடப்பு அடங்கும். முதல் மாத்திரை முதல் வாரத்தில் நல்லது எதையும் காட்டாது. குமட்டல், வயிறு கலங்குவது, தலைவலி, சிலருக்கு இன்னும் கொஞ்சம் பதற்றம், இதைத்தான் காட்டும். அதனால் பத்தாம் நாள் கடைக்கு வந்து என்ன கேட்பார்கள்? "அண்ணே, அந்தத் தூக்க மாத்திரைய மட்டும் ஒரு அட்ட குடு, இன்னொண்ணு ஒத்துக்கல." நோயைத் தீர்ப்பதை விட்டுவிட்டு, பழக்கமாகக்கூடியதைப் பிடித்துக்கொள்வார்கள். குளோனாசிபாம், அல்பிரசோலம் வகையை மாதக்கணக்கில் போட்டால் அளவு கூடிக்கொண்டே போகும், திடீரென்று நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும்கூட வரலாம். சீட்டில்லாமல் அதைக் கொடுப்பது சட்டப்படி தப்பு, யாராவது கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

குமட்டலும் வயிற்றுக் கலக்கமும் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் அடங்கிவிடும். மனசில் மாற்றம் தெரிய இரண்டிலிருந்து நாலு வாரம், முழுப் பலன் தெரிய ஆறிலிருந்து எட்டு வாரம். முதலில் தூக்கமும் பசியும் திரும்பும், பிறகு சுறுசுறுப்பு, மனசு கடைசியில்தான் லேசாகும். சரியான அளவில் ஆறு வாரம் போட்டும் அசைவே இல்லை என்றால் அளவைக் கூட்டுவதா, மருந்தை மாற்றுவதா என்று டாக்டர் பார்ப்பார். முதல் மருந்து ஒத்துவரவில்லை என்றால் நோய் தீராது என்று அர்த்தம் கிடையாது.

ஆண்கள் வாய்விட்டுச் சொல்லாமலே மாத்திரையை நிறுத்த ஒரு காரணம் தாம்பத்தியத்தில் வரும் மாற்றம். நாட்டம் குறைவது, உச்சம் வர நேரம் அதிகமாவது. பெண்களுக்கும் வரும். இது மருந்தால் வருவது, அளவையோ மருந்தையோ மாற்றிச் சரிசெய்ய முடியும். வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

வேறு என்னென்ன மாத்திரை போடுகிறீர்கள் என்பதை அட்டையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். மூட்டை தூக்குகிறவர்கள் உடம்பு வலிக்கு டைக்ளோஃபெனாக் விழுங்குவது இங்கே சகஜம். இந்த மனச்சோர்வு மருந்துகளோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவு ஆபத்து கூடும். டிராமடால் என்ற வலி மருந்து சேரக் கூடாது. மருந்துக்கு அடங்காத காசநோய்க்குச் சிகிச்சை எடுப்பவர்கள் ரொம்ப ரொம்பக் கவனம்: லினிசோலிட் இந்த வகை மருந்துகளோடு மோதும், சைக்ளோசெரின் தானே மனச்சோர்வையும் மனக்குழப்பத்தையும் உண்டாக்கும். ஓட்டேரி நெஞ்சக மருத்துவமனையில் காசநோய்க்குப் பார்க்கும் டாக்டரும் மனநல டாக்டரும் ஒருவர் எழுதியதை இன்னொருவர் பார்த்தாக வேண்டும். வயதானவர்களுக்கு பிரஷருக்கு நீர் பிரியும் மாத்திரையும் இருந்தால் உடம்பில் சோடியம் என்ற உப்பு இறங்கி, திடீரென்று தடுமாறிப் பேசலாம். அதை "மனநோய் முத்திடுச்சு" என்று நினைத்துவிடாமல் உடனே ரத்தம் பாருங்கள்.

காசிமேடு, உறுப்பினர்

அண்ணே, கடலுக்குப் போறவங்க பத்து நாள் கரைக்கே வர மாட்டாங்க. மாத்திரைய எப்படிச் சாப்பிடறது? குடியும் கூடவே இருக்கே.

பழைய வண்ணாரப்பேட்டை, மருந்தாளுநர்

தம்பி, கிளம்பும்போது போற நாளுக்கு மேல அஞ்சு நாளுக்குச் சேர்த்து வாங்கி, அட்டையோட ஜிப் கவர்ல போட்டு வைக்கச் சொல்லுங்க. ஒரு வேளை விட்டுப்போச்சுன்னா அடுத்த வேளைக்கு ரெண்டாப் போடக் கூடாது. அடிக்கடி விட்டுப்போகும்னா டாக்டர்கிட்ட முன்னாடியே சொல்லணும். ஃப்ளூவாக்ஸிடின்னு இன்னொரு மனச்சோர்வு மாத்திரை உடம்புல ரொம்ப நாள் தங்கும், ஒரு நாள் தவறினாலும் சட்டுனு உடம்பு ஆட்டம் காணாது. எது பொருந்தும்னு அவர் முடிவு பண்ணுவாரு.

குடியைப் பத்தி உள்ளதை உள்ளபடி சொல்லச் சொல்லுங்க, ஒரு நாளைக்கு எத்தனை குவார்ட்டர்னு. குடியாலேயே வந்த சோர்வுன்னா நிறுத்தின மூணு நாலு வாரத்துல பாதிக்கு மேல இறங்கிடும். ஆனா தினமும் நிறையக் குடிக்கிறவங்க வீட்டுலயே ஒரே நாள்ல நிறுத்தினா வலிப்பு வரலாம், டாக்டர் மேற்பார்வையிலதான் நிறுத்தணும். தூக்க மாத்திரையும் சாராயமும் சேர்ந்தா மூச்சே அடங்கிப்போகும். படகுமேல அது இன்னும் ஆபத்து.

கொளத்தூர், மனநல சமூகப் பணியாளர்

வடசென்னைக்காரர்களுக்கு அரசு வழியில் இரண்டு வாசல் பக்கம். ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு, அடுத்து அயனாவரத்தை ஒட்டிய கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம். 1794-இல் தொடங்கிய நிறுவனம் அது. "கீழ்ப்பாக்கம் கேஸ்" என்ற கிண்டலுக்குப் பயந்தே பல குடும்பங்கள் அந்தப் பக்கம் போவதில்லை. அங்கே வெளிநோயாளியாக வந்து, டாக்டரைப் பார்த்து, மருந்து வாங்கிக்கொண்டு மதியத்துக்குள் வீடு திரும்புகிறவர்கள் தினமும் நூற்றுக்கணக்கில் இருக்கிறார்கள். போனாலே உள்ளே வைத்துவிடுவார்கள் என்பது வீண் பயம். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி சேர்க்கைக்கு விதிமுறைகள் உண்டு, உங்கள் விவரத்தை ரகசியமாக வைப்பதும் உரிமை. ஸ்டான்லியில் பொது ஓபி கூட்டத்தில் ஒருவராகத்தான் நிற்பீர்கள், யாரும் ஏன் வந்தீர்கள் என்று கேட்கப்போவதில்லை. நேரில் போகத் தயங்கினால் 14416 (டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண்), 104 (அரசு சுகாதார உதவி எண்), இரண்டிலும் தமிழில் பேசலாம்.

கூட்டம் அதிகம், டாக்டர் உங்களோடு பேசும் நேரம் குறைவு. அதனால் அரைப் பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள்: எப்போதிலிருந்து, தூங்கும் நேரம், விழிக்கும் நேரம், எடை குறைந்ததா, கடைசியாக ஒழுங்காக வேலைக்குப் போனது எப்போது, முன்பு இப்படி வந்ததா, குடும்பத்தில் யாருக்காவது உண்டா, குடி எவ்வளவு. இன்னொரு கேள்விக்குக் கட்டாயம் பதில் எழுதுங்கள்: முன்பு எப்போதாவது நாலைந்து நாளுக்கு மேல் தூக்கமே தேவைப்படாமல், ஓயாத பேச்சும் அளவுக்கு மீறிய உற்சாகமும் கண்மண் தெரியாத செலவுமாக இருந்ததுண்டா? இருந்தால் அது இருதுருவ மனநிலைக் கோளாறாக இருக்கலாம். அவர்களுக்கு மனச்சோர்வு மாத்திரையை மட்டும் தனியாகக் கொடுத்தால் மறுபக்கம், அந்த அளவுமீறிய உற்சாகத்துக்கு, தூக்கிவிடும். நோயாளிக்கு இது நினைவிருக்காது, அம்மாவுக்கோ மனைவிக்கோ நன்றாக நினைவிருக்கும். கூடப் போவதன் பயன் இதுதான்.

சாவு நினைப்பைப் பற்றி நேராகவே கேளுங்கள்: "செத்துப்போயிடலாம்னு தோணுதா? எப்படின்னு யோசிச்சு வச்சிருக்கியா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது, சொல்ல ஆள் கிடைத்ததே என்று அழுதுவிடுவார்கள். யோசித்து வைத்திருக்கிறேன் என்றால் அன்றைக்கே அவசரப் பிரிவு, தனியே விடக் கூடாது. மாத்திரை டப்பாவை வீட்டில் ஒருவர் பூட்டி வைத்து, ஒரு வேளைக்கு மட்டும் எடுத்துக் கொடுங்கள். டாக்டரிடம் ஒரு வாரத்துக்கு மட்டும் எழுதச் சொல்லுங்கள். எலி மருந்து, பூச்சி மருந்து எதுவும் வீட்டுக்குள் இருக்க வேண்டாம். 25 வயதுக்குட்பட்டவர்களுக்கு மருந்து தொடங்கிய முதல் சில வாரங்களில் இந்த எண்ணம் கூட வாய்ப்புண்டு, அந்த நாட்களில் கண் எடுக்காதீர்கள். தற்கொலைத் தடுப்புக்கான சிநேகா அமைப்பின் உதவி எண் 044-24640050. உயிருக்கு ஆபத்து என்றால் 108. போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று மறைக்காதீர்கள். முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று மேலே சொன்ன சட்டத்தின் 115-ஆவது பிரிவு சொல்கிறது.

ராயபுரம், மகப்பேறு செவிலியர்

பிரசவமான பெண்களை இந்தப் பேச்சில் விட்டுவிட்டோம். குழந்தை பிறந்த மூன்றாம் நாள், ஐந்தாம் நாள் வாக்கில் காரணமில்லாமல் அழுகை வருவது பரவலாக உண்டு, இரண்டு வாரத்துக்குள் தானே போய்விடும். அதைத் தாண்டியும் அழுகை, குழந்தை தூங்கும்போதும் தனக்குத் தூக்கம் வராமை, "நான் நல்ல தாய் இல்ல" என்ற குற்ற உணர்ச்சி நீடித்தால் அது மனச்சோர்வு. தடுப்பூசிக்கு ராயபுரம் ஆர்எஸ்ஆர்எம் மகப்பேறு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ வரும் நாளே அங்கே சொல்லுங்கள், தனியாக ஒரு நாள் ஒதுக்க வேண்டாம். தாய்ப்பால் கொடுக்கும்போது செர்ட்ராலின் பெரும்பாலும் பாதுகாப்பானதாகவே கருதப்படுகிறது, பால் மறக்கடிக்க வேண்டியதில்லை. ஆனால் இல்லாத குரல் கேட்கிறது, குழந்தையைப் பற்றி விபரீதமாகப் பேசுகிறாள் என்றால் அது வேறு நோய், ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். மாமியார்களுக்கு ஒன்று: பத்தியம் பார்ப்பதைவிட, ராத்திரியில் நாலு மணி நேரம் குழந்தையை நீங்கள் வாங்கிக்கொண்டு அவளைத் தொடர்ந்து தூங்கவிடுவது பெரிய உதவி.

திருவொற்றியூர், மருத்துவ உளவியலாளர்

மின்னதிர்ச்சி சிகிச்சை பற்றித் தனிச்செய்தியில் கேட்டவர்களுக்கு: இப்போது மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் கொடுத்துத்தான் செய்கிறார்கள், அவை இல்லாமல் செய்ய சட்டம் தடை விதித்திருக்கிறது. சாப்பிடவே மறுப்பவர், தற்கொலை எண்ணம் உச்சத்தில் இருப்பவர், மருந்துக்கு அசையாதவர், இவர்களுக்கு 6 முதல் 12 முறை கொடுப்பது வழக்கம். சில நாள் ஞாபக மறதி இருக்கும்.

பழைய வண்ணாரப்பேட்டை, மருந்தாளுநர்

"எப்ப நிறுத்தலாம்?" என்ற கேள்விக்கும் பதில் வேண்டும். மனசு தெளிந்த நாளிலிருந்து கணக்குப் பாருங்கள், மாத்திரை தொடங்கிய நாளிலிருந்து பார்க்கக் கூடாது. தெளிந்த பிறகும் அதே அளவில் ஆறு முதல் ஒன்பது மாதம். இரண்டு மூன்று முறை திரும்பி வந்தவர்களுக்கு இரண்டு வருடமோ அதற்கு மேலோ. நிறுத்தும்போது டாக்டர் சொல்லும்படி சில வாரங்களாக, பாதி, கால் என்று இறக்குவது. சட்டென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் தலைச்சுற்றல், எரிச்சல், மண்டைக்குள் ஷாக் அடித்த மாதிரி ஒரு உணர்வு வரும். நோய் திரும்பி வருவதற்கு வாரக்கணக்கு ஆகும், இது நாட்கணக்கில் வந்துவிடும். வித்தியாசம் அப்படித்தான் தெரியும். கடைசி அட்டை தீர ஒரு வாரம் இருக்கும்போதே மறு ஓபிக்குப் போய்விடுங்கள். பொங்கல், தீபாவளி விடுமுறையில் ஓபி இருக்காது என்பதை மறந்து மாத்திரை தீர்ந்து நிற்பவர்கள் அந்த வாரங்களில்தான் அதிகம்.