நியூரம்பர்க் கிறிஸ்துமஸ் சந்தை: ரோத்தன்பர்க்கில் ஓர் இரவு தங்கலாமா?

நண்பர்களே, ஜெர்மனிப் பயணம்: டிசம்பர் இரண்டாம் வாரம், 4 இரவு, 4 பேர். நியூரம்பர்க்கில் தங்கிக்கொண்டு பாம்பர்க், ரோத்தன்பர்க் இரண்டுக்கும் பகலில் போய்வருவதாகத் திட்டம். சனிக்கிழமை நியூரம்பர்க் சந்தையில் நிற்கவே இடம் இருக்காது என்பதால் அதை வார நாளுக்குத் தள்ளியாயிற்று.

பாம்பர்க் சுலபம், நேர் ரயில். ரோத்தன்பர்க்தான் இடிக்கிறது. பயர்ன் டிக்கெட் (பவேரியா மாநிலத்துக்குள் ஒரு நாள் செல்லும் ரயில் சீட்டு) ஒன்றில் 5 பேர் வரை போகலாம், ஆனால் வார நாளில் காலை 9 மணிக்கு மேல்தான் செல்லும். ஐசிஇ என்ற அதிவேக ரயிலில் ஏறவும் முடியாது. வழியில் அன்ஸ்பாக், ஸ்டைனாக் என இரண்டு இடத்தில் மாற வேண்டும். ஒரு வண்டி தாமதமானால் அடுத்ததும் போச்சு. ஊர் சேரவே பத்தரையைத் தாண்டிவிடும், மாலை நாலேகாலுக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். அங்குள்ள சந்தையின் அழகோ விளக்கு எரிந்த பிறகுதான்!

அங்கே ஓர் இரவு தங்குவது மேலா, இரவு ரயிலை நம்பித் திரும்பலாமா? கோட்டைச் சுவருக்குள் சக்கரப் பெட்டியைக் கருங்கல் பாதையில் இழுக்க முடியுமா, ஸ்டேஷன் பக்கமே அறை எடுப்பது நல்லதா?

இன்னொன்று: கூட வருபவர்களில் ஒருவர் முட்டையும் தொடமாட்டார். சந்தையில் விற்கும் உருளைக்கிழங்கு அடையிலும் முட்டை சேர்ப்பார்கள். வறுத்த கஷ்கொட்டை தவிர அவருக்குச் சூடாக வேறென்ன கிடைக்கும்?