நாராயண குரு ஐந்து ரூபாய்: எது போலி?

இளங்காசு: அவசரம். நாராயண குரு படம் போட்ட ஐந்து ரூபாய்க் காசு இரண்டு வந்திருக்கின்றன. ஒன்று ஒரு மாதிரி, மற்றது வேறு மாதிரி. விற்பவர் மாலைக்குள் முடிவு கேட்கிறார். எது போலி?

வடகரை: வேறு மாதிரி என்றால் நிறமா, எழுத்தா, கனமா? படம் எங்கே?

காசுப்பித்தன்: காசு அடித்த நாணயச்சாலை வித்தியாசம்தான், சந்தேகமே வேண்டாம். ஆண்டுக்குக் கீழே பாருங்கள். டயமண்ட் மும்பை, நட்சத்திரம் ஹைதராபாத், புள்ளி நொய்டா, ஒன்றும் இல்லாவிட்டால் கொல்கத்தா.

செல்லாக்காசு: ஒன்றை யாரோ புளி போட்டுத் தேய்த்திருப்பார்கள். இதே கதையை நிறையப் பார்த்தாயிற்று.

வடகரை: ஆண்டையும் குறியையும் அவர் இன்னும் சொல்லவே இல்லை.

பழம்பெருச்சாளி: கேட்கும் முன் குழுவின் பழைய உரையாடல்களைப் படிக்கும் வழக்கம் ஒழிந்துவிட்டது போலிருக்கிறது. 2006இல் இந்தக் காசு செப்பு-நிக்கலிலும் அடிக்கப்பட்டது, துருப்பிடிக்காத எஃகிலும் அடிக்கப்பட்டது. இரண்டும் 23 மி.மீ. என்பதால் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்துப் பயனில்லை. எடை போடு தம்பி: முதலாவது 9 கிராம், எஃகு 6 கிராம். தராசு இல்லையென்றால் காந்தம். எஃகுக் காசு ஒட்டும், செப்பு-நிக்கல் ஒட்டாது.

காசுப்பித்தன்: காந்தத்தில் ஒட்டினால் போலி என்றல்லவா சொல்வார்கள்?

பழம்பெருச்சாளி: வெள்ளிக்குச் சொன்னதை எல்லாவற்றுக்கும் சொல்வார்கள். 1964 நேரு ரூபாய் சுத்த நிக்கல், பாய்ந்து ஒட்டும். தூக்கி எறிந்துவிடுவீர்களா?

மணிமேடை: எங்கள் வீட்டு எவர்சில்வர் தட்டு ஒட்டவில்லையே, ஐயா. அதுவும் எஃகுதானே?

வடகரை: நல்ல கேள்வி. தட்டு எஃகில் பெரும்பாலும் நிக்கல் சேர்ப்பார்கள், அந்தக் கலவையில் காந்தத்தன்மை போய்விடும். காசு எஃகில் இரும்பும் சுமார் 17 சதவீதம் குரோமியமும்தான், நிக்கல் கிடையாது. அதனால் ஒட்டுகிறது.

செல்லாக்காசு: எல்லாம் சரி, புளியில் தேய்ப்பதில் என்ன தவறு? அழுக்கோடு வைத்திருப்பதுதான் சேகரிப்பா?

பழம்பெருச்சாளி: குத்துவிளக்கைத் தேயுங்கள், காசை விடுங்கள். அச்சு விழும்போது உலோகம் நெளிந்தோடிய நுண்கோடுகள்தான் காசைச் சாய்த்தால் ஒளியைச் சுழல வைக்கின்றன. ஒருமுறை தேய்த்தால் அவை போயின.

செல்லாக்காசு: ஐந்து ரூபாய்க் காசுக்கு இவ்வளவு பிரசங்கமா!

காசுப்பித்தன்: தேய்த்த காசை என்னிடம் யாராவது நீட்டினால் பாதி விலைக்குத்தான் கேட்பேன்.

செல்லாக்காசு: தேய்க்காததையும் நீங்கள் பாதி விலைக்குத்தான் கேட்பீர்கள்.

இளங்காசு: மங்கலாக இருந்தது ஒட்டவில்லை. நகைக்கடைத் தராசில் 8.9. பளிச்சென்று இருந்தது ஒட்டியது, 6.0. இரண்டிலும் டயமண்ட். இரண்டையும் வாங்கிவிட்டேன். நன்றி.

வடகரை: நல்லது. மங்கலாக இருப்பதைத் துடைக்காமல் அப்படியே உறையில் போடுங்கள். பிவிசி உறை மட்டும் வேண்டாம், பச்சை பூத்துவிடும்.

காசுப்பித்தன்: என்ன விலைக்கு முடித்தீர்கள்?

காசுப்பித்தன்: இளங்காசு, இருக்கிறீர்களா?