காட்டுப்பன்றிக்கு .223 போதுமா, .308 வேண்டுமா?

கேள்வி:
டெக்சாஸில் நண்பர் ஒருவரின் சோளக்கொல்லையைக் காட்டுப்பன்றிகள் இரவோடு இரவாக உழுதுபோட்டுவிடுவதால், வேட்டைக்கு வருமாறு அழைத்திருக்கிறார். தம்மிடமுள்ள, .223 ரெமிங்டன் என்ற சிறிய தோட்டாவைச் சுடும் ரைபிளை இரவல் தருவதாகவும் சொல்கிறார். நூறு கிலோவைத் தாண்டிய ஆண்பன்றிக்கு அது போதுமா, அதைவிடப் பெரிய .308 வின்செஸ்டர் தோட்டாவுக்கான ரைபிள் வாங்க வேண்டுமா? தூரம் 100 கெஜத்துக்குள்தான் இருக்கும்.

பதில் 1:
தயங்காமல் .308 வாங்குங்கள். அதன் 150 கிரெயின் (குண்டின் எடை அளவு) குண்டு குழல்வாயை விட்டுக் கிளம்பும்போது பொதுவாகச் சுமார் 2,600 அடி-பவுண்டு ஆற்றல் இருக்கும்; .223-இன் 55 கிரெயின் குண்டுக்கு அதில் ஏறக்குறையப் பாதிதான். முதிர்ந்த ஆண்பன்றிக்குத் தோள்பட்டைமேல் கேடயம்போலத் தடித்து இறுகிய தோல் உண்டு. ஒன்றையொன்று கோரைப்பல்லால் கிழித்துச் சண்டையிடும் விலங்குக்கு அது வேண்டியதுதான். இலேசான குண்டு அங்கேயே சிதறிவிட்டால் பன்றி காயத்தோடு புதருக்குள் ஓடிவிடும். கொழுப்பு துளையை அடைத்துக்கொள்வதால் இரத்தத் தடமும் கிடைப்பது அரிது. ஆகவே குண்டு மறுபுறம் வெளியேற வேண்டும்.

பதில் 2:
முந்தைய பதிலுடன் பாதிதான் உடன்படுகிறேன். அளவைவிடக் குண்டின் அமைப்பே முக்கியம். முழு உலோக உறை போர்த்திய பயிற்சிக் குண்டு .308-இல் இருந்தாலும் ஊசிபோல் துளைத்துப் போய்விடும். உறுதியான மென்முனைக் குண்டோ செப்புக் குண்டோ போட்டு, காதுக்குச் சற்றுப் பின்னே குறிவைத்தால் .223-உம் அதே இடத்தில் வீழ்த்தும். ஆனால் கை நடுங்காதவருக்கே அது பொருந்தும். மானைச் சுட்டுப் பழகியவர்கள் பன்றியிடம் தவறுவதற்குக் காரணம், அதன் இதயம் இன்னும் தாழ்வாகவும் முன்கால்களுக்கிடையே முன்தள்ளியும் இருப்பதுதான். உங்கள் தூரத்துக்கு, 1895-இல் வந்த பழைய .30-30 வின்செஸ்டர் தோட்டாவே தாராளம். எனக்கு அதன்மீது சற்றுப் பாசம் அதிகம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

பதில் 3:
நீங்கள் அமெரிக்காவில் விசாவில் இருப்பவரானால், தோட்டாவுக்கு முன் விசாவைப் பாருங்கள். நில உரிமையாளர் அனுமதித்தால் தனியார் நிலத்தில் காட்டுப்பன்றி வேட்டைக்கு உரிமம் தேவையில்லை என்று டெக்சாஸ் 2019-இல் சட்டம் திருத்தியது உண்மையே. எனினும் எச்-1பி (தற்காலிக வேலை விசா) போன்ற விசாவில் இருப்பவர் செல்லுபடியாகும் வேட்டை உரிமம் முதலான விலக்கு ஏதுமின்றித் துப்பாக்கி வைத்திருப்பதைக் கூட்டரசுச் சட்டம் தடைசெய்கிறது; இரவல் துப்பாக்கியும் அதில் அடங்கும்.

கேட்டவர்:
எச்-1பிதான். உரிமம் எடுத்துவிட்டு .308 பார்க்கிறேன், மிக்க நன்றி.